தவிடும் புதினாத் தைலமும்

மேலச்சந்தையூரில் சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் கைபடாமலே தள்ள ஆரம்பித்த அந்தச் சித்திரை மாதத்தில், மகளிர் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் குடுவை கழுவிக்கொண்டிருந்த அங்கயற்கண்ணி என்கிற நாற்பத்தேழு வயதுக்காரி, மூன்று கிலோ புதினாவைப் பெரிய கண்ணாடிக் குடுவையில் போட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டு, மூன்று மணி நேரம் கொதிக்கவைத்து, மேலே போன ஆவியைக் குளிரவைத்துக் கீழே இறக்கி, இரண்டு தேக்கரண்டிகூடத் தேறாத தைலத்தை வடித்தெடுத்தாள். உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ புதினாவைக் காய்ச்சியிருக்கிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை. இவள் காய்ச்சியபோது நடந்தது. இதற்குமேல் காரணம் கேட்பவர்களை எங்கள் பக்கத்தில் விதண்டாவாதி என்பார்கள்.

ஆராய்ச்சி அவளுடையதல்ல, ஜெபசீலி மேடத்தினுடையது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசையெல்லாம் தேடுகிற அந்தப் பேராசிரியை, மூன்று வகைப் புதினாத் தைலத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, அது எந்த உயிரை என்ன செய்கிறது என்று மூன்று வருஷமாக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கிற ஊர்ப் புதினா ஒன்று, மலைத்தோட்டத்திலிருந்து வந்த மிளகுப் புதினா ஒன்று. இரண்டும் நல்ல வளர்ப்பு, புத்தகத்தில் போட்டபடியே நடந்துகொண்டன. மூன்றாவதுதான் வில்லங்கம். கண்மாய் மதகு ஓரத்தில், யாரும் நடாமல் யாரும் தண்ணீர் காட்டாமல், தானாக மண்டிக் கிடந்த புதினா அது. அதன் தைலத்தை நகரத்திலிருக்கிற பெரிய மெஷினுக்கு அனுப்பியதில், மெந்தால் நூற்றுக்கு முப்பத்தெட்டு, மெந்தோன் இருபத்தொன்று, லிமோனின் ஒன்பது, அப்புறம் சில்லறையாகப் பன்னிரண்டு சாமான்கள் என்று பட்டியல் போட்டு, கடைசி வரியில் "இனம் தெரியாதது: இரண்டு புள்ளி ஏழு" என்று அச்சடித்து அனுப்பியது மெஷின். மேடம் அந்த வரியைச் சிவப்புப் பென்சிலால் சுழித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அங்கயற்கண்ணி மட்டும் அந்த வரியைத் தேவைக்கு அதிகமாகவே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வேலை, கொசு. வலைக்கூண்டுக்குள் பசியோடு ஐம்பது பெண்கொசுக்கள். மூன்றாம் வருஷ மாணவி பொற்கொடி முழங்கைவரை தைலம் தடவிக்கொண்டு கையை உள்ளே நீட்டினாள். கொசுக்கள் தயக்கமே இல்லாமல் வந்து உட்கார்ந்து விருந்து சாப்பிட்டன. மேடம் முகம் வாடி, "விரட்டும் தன்மை இல்லை" என்று எழுதப் போன நேரத்தில், குடித்து முடித்த கொசு ஒவ்வொன்றும் யாரோ சுண்டிவிட்டதுபோல் கூண்டின் வலையில் போய் ஒட்டிக்கொண்டது. திரும்ப வர முயன்றது, முடியவில்லை. ஒரு வாய் குடிக்கலாம், மறுவாய்க்கு இடமில்லை. இது என்ன கூத்து என்று எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கையில், அதே கல்லூரியில் படிக்கும் பொற்கொடியின் அக்காள் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்தாள், தங்கையை நெருங்கினாள், நின்ற வாக்கில் அப்படியே பின்னால் வழுக்கிக்கொண்டு போய் வராந்தாவில் நின்றாள். தூக்கில் இருந்த ரசம் சிந்தவில்லை.

முதலில் புரிந்துகொண்டவள் அங்கயற்கண்ணிதான்.

"மேடம், அக்காக்காரி ரத்த சொந்தம். இந்தக் கொசுக இவ ரத்தத்தக் குடிச்சிருச்சுகளா, அதுகளும் இப்ப சொந்தமாயிருச்சு. இந்தத் தைலம் சொந்தத்தத்தான் அண்டவிடாது."

மேடம் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, அவளையும் அக்காளையும் கொசுக்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அட்டவணையில இதுக்கு எந்தத் தலைப்புல இடம் போடுறது அங்கயம்மா?" என்று கவலைப்பட்டார். ஆச்சரியப்பட்டது அவ்வளவுதான்.

ஊர் அந்த அளவுக்குக்கூட ஆச்சரியப்படவில்லை. சொந்தக்காரனை அண்டவிடாமல் வைக்க ஒரு மருந்து வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், இவ்வளவு காலம் ஏன் வரவில்லை என்றுதான் கேட்டது. மறுநாளே கல்லூரி வாசலில் வரிசை. தைலத்தை மேடம் கண்ணிலேயே காட்டமாட்டார். ஆனால் தைலத்தோடு சேர்ந்து வடிகிற வாசத்தண்ணீர் குடம் குடமாக வீணாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அதைத் தெளித்துக்கொண்டாலும் அரை நாளுக்கு அதே குணம் இருந்தது. கல்லூரி முதல்வர் எதற்கும் ஒரு படிவம் அடிக்கிறவர், இதற்கும் அடித்தார். விண்ணப்பதாரர் பெயர், அண்டவிடாமல் வைக்கவேண்டியவரின் பெயர், உறவுமுறை, தொல்லையின் தன்மை. நான்காவது கட்டத்தில் இடம் போதாமல் பலர் தனித்தாள் இணைத்தார்கள்.

நில அளவை ஆபீசில் சங்கிலி பிடித்து ஓய்வுபெற்ற வையாபுரி என்றொருவர் இருந்தார். ஓய்வுபெற்ற நாளிலிருந்து அளக்க ஒன்றுமில்லாமல் வீட்டுக்குள் கதவையும் கட்டிலையும் அளந்துகொண்டிருந்த மனிதருக்கு மறுவாழ்வு வந்தது. இடுப்பில் டேப்பைச் செருகிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்து, தாய்க்கும் பிள்ளைக்கும் பன்னிரண்டடி, கூடப்பிறந்தவர்களுக்கு ஒன்பதடி, தாய்மாமனுக்கு ஆறு, பெரியப்பன் சித்தப்பன் பிள்ளைகளுக்கு நாலு, அதற்கப்பால் போன சொந்தத்துக்கு ஒரு சாண், அதற்கும் அப்பால் சட்டைப் பித்தான் லேசாக அசையும், அவ்வளவே என்று ஒரு கணக்கை நிலைநாட்டினார். இன்னொன்றும் அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்: தள்ளப்படுகிறவர் விழுவதில்லை. எண்பது வயதுக் கிழவரானாலும் குச்சி ஊன்றிய வாக்கிலேயே நேராக வழுக்கிப் போய்த் தன் அடியில் நின்றுகொள்வார். "நாலு மாசத்துல ஒருத்தர் விழுந்ததாச் சரித்திரம் இல்ல" என்று டீக்கடையில் அடித்துச் சொல்லுவார் வையாபுரி.

மருந்தை அதிகம் கேட்டு வந்தவர்கள் மருமகள்கள். பாவம், மாமியார் ரத்த சொந்தம் இல்லையே, தண்ணீரில் குளித்துவிட்டுப் போய் நின்றாலும் மாமியார் வழக்கம்போல் முகத்துக்கு முன்னால் வந்து நின்று குழம்பில் உப்பில்லை என்றாள். சொந்தத்திலேயே கட்டிக்கொண்டவர்கள் பாடு வேறு மாதிரி. எங்கள் ஊரில் பாதிப்பேர் தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டிக்கொண்டவர்கள். பவளக்கொடி என்பவள் சொந்தத் தாய்மாமனையே கட்டியவள். மாமியாரை நினைத்துத் தெளித்துக்கொண்டதில் மாமியார் எட்டடி போனாள், மாமியார் இவளுக்கு அம்மாவைப் பெற்றவளும் அல்லவா. கூடவே புருஷனும் ஆறடி போனான். அரைநாள் முழுக்கப் புருஷன் பெண்டாட்டி ஆறடி தள்ளி நின்றே குடித்தனம் நடத்தியதில், அவள் பேசியது தெருவுக்கெல்லாம் கேட்டது, அவன் பேசவே பயந்தான், அவனுக்கு நீளக் கரண்டியில் சோறு நீட்டப்பட்டது. மறுநாளும் அவள் வரிசையில் வந்து நின்றாள். "நிம்மதியா இருக்குக்கா" என்றாள் அங்கயற்கண்ணியிடம்.

சங்கடங்களும் நடக்காமல் இல்லை. இரண்டு தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாத வேறுவேறு தெருக்காரர்கள் இருவர், வாய்க்கால் வரப்பில் சண்டைக்குப் பாய்ந்து, சரியாக நாலடி விலகி நின்றார்கள். இருவரும் தங்கள் பாதங்களைப் பார்த்தார்கள், வையாபுரி டேப்பைச் சுருட்டினார், இருவரும் தத்தம் வீட்டுக்குப் போய்த் தாயார்களிடம் ஏதோ கேட்டார்கள். இரண்டு தாயார்களும் ஒரே பதிலைச் சொன்னதாகக் கேள்வி: "சோறு ஆறுது, உக்காந்து சாப்பிடு." இந்த மாதிரிச் சமாச்சாரங்களை ஊர் நான்கு மாதமும் வாயில் போட்டு மென்றது. யார் யாரிடமிருந்து எத்தனை அடி போனார், போகவேண்டியவர் ஏன் போகவில்லை என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

இத்தனைக்கும் நடுவில் தைலத்தை வடித்தவள் மட்டும் அதில் ஒரு சொட்டும் தன் மேல் படவிடவில்லை. ரப்பர் கையுறை போடாமல் குடுவையைத் தொடமாட்டாள், சீயக்காய் போட்டுக் கை கழுவாமல் வீட்டுக்குக் கிளம்பமாட்டாள். மகள் மதுமிதாவைப் பன்னிரண்டடியில் நிறுத்திவைக்க எந்தத் தாய்க்கு மனசு வரும் என்றுதான் ஜெபசீலி மேடம் நினைத்துக்கொண்டிருந்தார். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, தவிடு.

அங்கயற்கண்ணிக்குப் பிறந்த வீட்டில் பெயர் தவுடு. அண்ணன் சோலைமலைக்குப் பிறகு அவள் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. தங்காத வீட்டில் பிள்ளை பிறந்தால், அதை முறத்தில் கிடத்தி அடுத்த வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, ஒருபடி தவிட்டைக் கொடுத்து அந்தப் பிள்ளையையே திரும்ப வாங்குவார்கள். இது பெற்ற பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கினது என்று எமனே ஏமாந்து அடுத்த வீட்டுக்குப் போய்விடுவானாம். அப்படித்தான் உன்னையும் வாங்கினேன் என்று அம்மா சாகும்வரை சொன்னாள். ஆனால் நிஜமாகவே யாருடைய பிள்ளையையோ தவிட்டுக்கு வாங்கி வளர்த்த வீடுகளும் உண்டு. சோலைமலை சின்ன வயதில் சண்டை வரும்போதெல்லாம், "போடி, தவிட்டுக்கு வாங்கினவளே" என்பான். எல்லா அண்ணன்களும் எல்லாத் தங்கைகளிடமும் சொல்வதுதான், யாரும் அதை மனசில் வைத்துக்கொள்வதில்லை.

வைத்துக்கொள்ளும்படி ஒருநாள் சொன்னான். மதுமிதாவுக்கு ஐந்து வயதில் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். தாய்மாமன் வந்த பஸ் பாதிவழியில் படுத்துவிட்டது. நல்ல நேரம் போகிறதென்று புருஷன் வீட்டார் யாரோ ஒரு சித்தப்பன் மடியில் பிள்ளையை வைத்துக் குத்திவிட்டார்கள். கையில் புதுக் கம்மலோடு வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்த சோலைமலை, நூறு பேருக்கு முன்னால் குதித்தான். "உன் மடி இல்லாட்டி என் பிள்ளைக்குக் காதுல ஓட்டையே விழாதாக்கும்" என்று இவளும் வாயைக் கொடுத்தாள். அப்போதுதான் அவன் சொன்னான்: "அம்மா தவிட்ட அளந்து குடுத்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குடி. ஆறு வயசு எனக்கு. ஆனா அம்மா வயிறு பெருத்து நின்னது ஞாபகம் இல்ல. உனக்கெல்லாம் எதுக்குத் தாய்மாமன்?"

பதினெட்டு வருஷம் ஓடிப்போயிற்று. அண்ணன் நாற்பது மைல் தள்ளி டிராக்டர் மெக்கானிக்காகவே இருந்தான், தங்கை குடுவை கழுவிக்கொண்டே இருந்தாள், அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது இருவரும் பிணத்துக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று அழுதுவிட்டுத் திரும்பினார்கள். பிறந்த வீட்டுப் பக்கம் மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான். தைலம் வந்தபிறகு ஊரில் எவரும் எவருக்கும் என்ன முறை என்று அளந்து பார்த்துவிடலாம். அங்கயற்கண்ணியும் ஒருநாள் அரைச் சொட்டுத் தடவிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றால் போதும். அவன் ஒன்பதடி போனால் அவள் அம்மாவின் பிள்ளை. போகாவிட்டால்? அந்தப் போகாவிட்டாலுக்குப் பயந்துதான் அவள் கையுறை போட்டாள். அதை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

ஆவணியில் மதுமிதாவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை அசல், சட்டைப் பித்தான்கூட அசையாத தூரத்து ஊர். மணமேடைக்குப் பெண்ணைக் கைபிடித்து அழைத்துவரத் தாய்மாமன் வேண்டுமே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். அங்கயற்கண்ணி காபி கலக்கப் போய்விட்டாள். அவள் புருஷன் தனபாலன் பஜாரில் தையல்கடை வைத்திருப்பவர், யார் மனசையும் அளவெடுக்கத் தெரியாத நல்ல மனிதர். அவரே பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

"என்ன சொன்னாரு?" என்றாள்.

"உன் மதினிதான் தட்ட வாங்குச்சு. அவரு டிராக்டருக்கு அடியில படுத்துருந்தாரு, வெளிய வரல. காலு மட்டும் ஆடுச்சு."

வருவான் என்றும் சொல்ல முடியாத, வரமாட்டான் என்றும் சொல்ல முடியாத அந்தக் காலை நினைத்துக்கொண்டே அவள் கல்யாண வேலைகளைப் பார்த்தாள். அந்தக் கவனக்குறைவில்தான் பாட்டிலை மறந்தாள். ஆய்வகத்துக்குப் புதுப் பாட்டில் வேண்டும் என்று எழுதிக் கேட்டு இரண்டு வருஷமாகியும் வராததால், கல்யாண மண்டபங்களிலிருந்து காலிப் பன்னீர் பாட்டில்களைப் பொறுக்கி வந்து, கழுவி, அதில்தான் புதினா வாசத்தண்ணீரை ஊற்றி வைப்பது அவள் வழக்கம். லேபிளைக் கிழிக்க ஏது நேரம்? கல்லூரியில் வெள்ளையடிக்கிறார்கள் என்று அதில் நான்கு பாட்டிலை வீட்டுப் பரணில் கொண்டுவந்து வைத்திருந்தாள். தனபாலன் பரணைப் பார்த்தார், ரோஜாப்பூப் படம் போட்ட நான்கு பாட்டிலைப் பார்த்தார், என் பெண்டாட்டி எவ்வளவு முன்யோசனைக்காரி என்று பூரித்துப்போய் மண்டபத்துக்கு எடுத்துப் போய்விட்டார்.

காலை ஏழரை மணிக்கு மண்டப வாசலில் அவருடைய தங்கை மகள் பன்னீர்ச் செம்பை எடுத்து வருகிறவர்கள்மேல் எல்லாம் தாராளமாகத் தெளித்தாள். வரவேற்க நின்ற அங்கயற்கண்ணியின் தலையிலும் தோளிலும் குளிர்ச்சியாக விழுந்தது. ஒரு மூச்சு இழுத்தாள். மெந்தால் நூற்றுக்கு முப்பத்தெட்டு, இனம் தெரியாதது இரண்டு புள்ளி ஏழு.

"ஏய், நிறுத்து!" என்று அவள் கத்தி முடிப்பதற்குள் மண்டபம் கலைந்துவிட்டது. தனபாலன் வகையறா நூற்றுச்சொச்சம் பேர், பெரியப்பன் இந்தத் தூணுக்கு, சித்தப்பன் அந்தத் தூணுக்கு, அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மூலைக்கு என்று பட்டு வேட்டி சரசரக்க வழுக்கிப் போய் நின்றார்கள். என்ன சத்தம் என்று மணப்பெண் அறையிலிருந்து எட்டிப்பார்த்து அம்மாவை நோக்கி நாலெட்டு வைத்த மதுமிதா, மாலையும் கையுமாகப் பின்னால் வழுக்கி அறைக்குள்ளேயே போய்ச் சேர்ந்தாள். தனபாலனால் மட்டும்தான் பெண்டாட்டி பக்கத்தில் வந்து நிற்க முடிந்தது.

"பன்னீர்னு போட்டிருந்துச்சு" என்றார்.

"லேபிள மட்டும் பாருங்க, மோந்து பாத்துறாதீங்க!"

ஆனால் நான்கு மாதம் பழகிய ஊர் அல்லவா. பரிசாரகர் ஒரு கணம்தான் யோசித்தார். சொந்தக்காரர்களை எட்ட எட்ட உட்காரவைத்துவிட்டு, நடுவில் காலியாகக் கிடந்த இலைகளுக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து யார் எவர் என்று தெரியாத ஆட்களைக் கூப்பிட்டு வந்து நிரப்பினார். அசலூர்க்காரர்கள் முதல் பந்தியில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்ட கல்யாணம் எங்கள் ஜில்லாவிலேயே அது ஒன்றுதான். போட்டோக்காரர் குடும்பப் படத்துக்காக மொட்டைமாடிக்கு ஏறினார். வையாபுரி டேப்பும் கையுமாக ஓடிக்கொண்டிருந்தார், அவர் முகத்தில் அப்படியொரு களை.

அப்போதுதான் வாசலில் சோலைமலை வந்து நின்றான்.

தலை நரைத்துவிட்டது. கொஞ்சம் கூனலும் விழுந்திருந்தது. பக்கத்தில் மதினி சீர்த்தட்டோடு நின்றாள். பழக்கத்தில் பன்னீர்ச் செம்பைத் தூக்கிய பெண்ணைக் கையால் தடுத்துவிட்டு அவன் உள்ளே காலெடுத்து வைத்தான். மண்டபத்தில் எல்லாத் தலையும் திரும்பியது. அந்தக் காதுகுத்தில் சாப்பிட்டவர்கள் அதில் பாதிப்பேர், தவிட்டுக் கதை தெரியாதவர்கள் யாருமில்லை. அங்கயற்கண்ணி ஈரச் சேலையோடு நடுக்கூடத்தில் தனியாக நின்றாள்.  பதினெட்டு வருஷம் கழித்து அண்ணனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"அங்கிட்டே நில்லுண்ணே! கிட்ட வராத!"

"இன்னும் கோவம் தீரலையாடி உனக்கு?"

"கோவம் இல்லண்ணே. வேணாம். வராத."

அவன் நிற்கவில்லை. அவனுக்கு எப்போதும் சொன்னபேச்சுக் கேட்கிற பழக்கம் கிடையாது. இருபதடி. பதினைந்தடி. மதினி தட்டோடு பின்தங்கிவிட்டாள். பத்தடி. ஒன்பதடி என்பது தரையில் எந்த இடம் என்று அங்கயற்கண்ணிக்குத் தெரியும், ஆய்வகத்தில் சாக்பீஸால் எத்தனை தடவை கோடு போட்டிருக்கிறாள். அந்த இடத்தை அவன் தாண்டினான். ஒன்றும் நடக்கவில்லை. எட்டு. ஆறு. பந்தியில் ஒரு கையும் அசையவில்லை. நாலடியில் வந்து நின்று சோலைமலை குனிந்து தன் பாதங்களைப் பார்த்தான், நிமிர்ந்து தங்கையின் முகத்தைப் பார்த்தான். அவள் முகம் அந்த நேரத்தில் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. நாற்பத்தேழு வயதில் அம்மாவைப் பறிகொடுத்தவள் முகம்.

"யாத்தே!" என்று ஓர் அலறல்.

சோலைமலை தரையிலிருந்து எழும்பிப் பின்பக்கமாகப் பறந்தான். ஐம்பத்து மூன்று வயதில், முழங்கால் வலியோடு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பறந்து, அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள்மேல் மல்லாக்க விழுந்து, நாற்காலிகளோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான். வேட்டி டர்ரென்று கிழிந்தது. விழுந்த இடத்தைக் கண்ணால் அளந்தான். ஏழடிதான் இருக்கும் என்று பட்டதுபோல. உட்கார்ந்த வாக்கிலேயே, பல்லைக் கடித்துக்கொண்டு, பிட்டத்தால் இன்னும் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"என்னா தள்ளு தள்ளுது!" என்று மண்டபத்துக்கே கேட்கும்படி கத்தினான். "கூடப் பொறந்தவன்னா சும்மாவா! ஒரே வயித்துல பொறந்த பொறப்புய்யா!"

நான்கு மாதத்தில் விழுந்ததாகச் சரித்திரம் இல்லை என்று அடித்துச் சொன்ன வையாபுரி, விழுந்து கிடந்தவனிடம் ஓடினார். இடுப்பிலிருந்து டேப்பை உருவினார். அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், டேப்பைப் பிரிக்காமலே திரும்பச் செருகிக்கொண்டார்.

"ஒம்போதடி!" என்று அறிவித்தார். "ஒரு அங்குலம் கூடவும் இல்ல, குறையவும் இல்ல!"

யார் எத்தனை அடி போனார், ஏன் போனார், எப்படிப் போனார் என்று நான்கு மாதமாக மென்றுகொண்டிருந்த ஊர், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தியில் யாரோ, "சாம்பார் வரட்டும்" என்றார்கள். சாம்பார் வந்தது.

 அங்கயற்கண்ணி தவிட்டுக்கு வாங்கின பிள்ளைதான், இனி அதில் சந்தேகமில்லை. அவளுக்கு ஒரு அண்ணன் இருக்கிறான், அதிலும் இனி சந்தேகமில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் ஒருத்தியின் நெஞ்சுக்குள் வந்தால் அவள் என்னதான் செய்வாள்? "அடி பட்டுருச்சாண்ணே?" என்று கேட்டாள்.

"போடி. உன் பிள்ள எங்க? முகூர்த்தம் போகுது."

மணப்பெண்மேல் புதினாத்தண்ணீர் படவில்லை, அவன்மேலும் படவில்லை, ஆகவே கேள்வி கேட்க யாருக்கும் இடமிருக்கவில்லை. கிழிந்த வேட்டியைத் துண்டால் மறைத்துக்கொண்டு, நொண்டி நொண்டி, சோலைமலை மருமகளைக் கைபிடித்து மணமேடைக்கு அழைத்துப் போனான். பெற்றவள் பன்னிரண்டடி தள்ளி நின்று அட்சதை போட்டாள். சாப்பாடு முடிந்து கிளம்பும்போது எதிர்த்த டீக்கடைக்காரர் அவளிடம் வந்து, "உங்கண்ணன் காலையில ஆறு மணிக்கே வந்துட்டாரும்மா" என்றார். "அண்ணன் தங்கச்சிக்கு எத்தன அடின்னு மூணு தடவ கேட்டாரு. ஒம்போதுன்னேன். வெறுங்காலால அந்த ரோட்டுல ஒம்போதடிய அளந்து அளந்து பாத்துக்கிட்டே இருந்தாரு, எதுக்குன்னு தெரியல."

திங்கட்கிழமை ஜெபசீலி மேடம் அட்டவணையைக் கேட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு மில்லி கூட்டியோ குறைத்தோ எழுதியறியாத அங்கயற்கண்ணி, உயிரியல் செயல்பாடு என்ற தலைப்பின் கீழ், உடன்பிறந்தோர் என்ற வரியில், தன் பெயரையும் அண்ணன் பெயரையும் எழுதி, எதிரே ஒன்பது அடி என்று அழுத்தமாக எழுதினாள். மேடம் கண்ணாடியை இறக்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மத்தியானமே அவள் லீவு சொல்லிவிட்டு நாற்பது மைல் பஸ் ஏறிப் போனாள். சோலைமலை இடுப்பு பிடித்துக் குப்புறப் படுத்திருந்தான். மதினி பக்கத்தில் உட்கார்ந்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அங்கயற்கண்ணி பையிலிருந்து சின்னச் சீசாவை எடுத்தாள்; வாசத்தண்ணீர் இல்லை, தைலமே. மூட்டு வலிக்கும் பிடிப்புக்கும் புதினாத் தைலத்தை அடித்துக்கொள்ள இன்னொன்று கிடையாது. கையுறை எடுத்துவரவில்லை. உள்ளங்கை நிறைய ஊற்றிக்கொண்டு கட்டிலில் போய் உட்கார்ந்தாள். மதினி எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

வெறுங்கை அண்ணனின் இடுப்பில் பதிந்தது. அறை முழுக்கப் புதினா மணம் ஏறியது. 

"என்னாடி இது," என்றான் சோலைமலை, தலையணைக்குள் முகத்தை வைத்தபடியே. "தள்ள மாட்டேங்குது?"

"பழைய சரக்குண்ணே. வீரியம் போயிருச்சு."

"அதான பாத்தேன்," என்றான்.  "நல்லா அழுத்தித் தேய்யி."

அவள் அழுத்தித் தேய்த்தாள்.